மூடிக்குள் ஒரு தாள்: போளூர் வட்டார ஒளி அமைப்பாளர்களுக்கு



போளூரிலும் கலசப்பாக்கத்திலும் சேத்துப்பட்டிலும் கண்ணமங்கலத்திலும் சீரியல் செட் கட்டிப் பிழைக்கும் உங்கள் எல்லோருக்கும், ஏணி தூக்கவும் வயர் இழுக்கவும் உங்களோடு வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் போர்டு ரிப்பேர் செய்பவன். ஆடி பிறந்துவிட்டால் என் மேசைமேல் பிக்சல் கண்ட்ரோலர்கள் குவிகின்றன. "போர்டு செத்துப்போச்சு" என்ற ஒரே பேச்சோடு வருகின்றன. எடுத்துச் சோதித்தால் அவற்றில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அவுட்புட் செட்டிங்கில் ஒரு எண் மாறியிருக்கும், ஒரு பெயர் தவறியிருக்கும். அவ்வளவுதான் பழுது.

ஆனால் அதற்குள் என்னவெல்லாம் நடந்துவிடுகிறது, பாருங்கள். படவேடு ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிக்கு வளைவு கட்டியாகிவிட்டது, விளக்கு ஓடவில்லை, விழாக் குழு கையைப் பிசைகிறது. ஒருவர் பஸ் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்கு ஓடுகிறார். புதுக் கண்ட்ரோலர் வருகிறது. பழைய எஸ்.டி. கார்டை அப்படியே அதில் சொருகுகிறீர்கள். அதே கோளாறு. "இதுவும் டூப்ளிகேட் போர்டு" என்று கடைக்காரரைத் திட்டுகிறீர்கள். கார்டு போடும் கண்ட்ரோலரில் ஐசி வகை, பல்பு எண்ணிக்கை, வரிசை எல்லாம் கார்டில் ஏற்றிய ஃபைலுக்குள் இருக்கின்றன. போர்டை மாற்றினீர்கள், தப்பை மாற்றவில்லை. அது கார்டோடு சேர்ந்து புதுப் பெட்டிக்குள் குடிவந்துவிட்டது. இந்தச் செலவை எந்த விழாக் குழுவும் உங்களுக்குத் தரப்போவதில்லை. கூலியில்தான் கழியும்.

பழைய சீரியல் செட் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. 6 வோல்ட் பல்பு நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வீட்டு மின்சாரத்தில் மாட்டினீர்கள். ஒன்று போனால் வரிசையே அணைந்தது. பல்பு பல்பாகச் சோதித்துக்கொண்டே போய்ப் பிடித்தீர்கள். ஓடும் விளக்குக்கு மோட்டார் வைத்த டிரம் சுற்றியது. எந்தத் தகடு தேய்ந்தது என்று கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் கைப்பழக்கம் இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இருந்ததைப் பார்த்தவன் நான். அதே பொறுமை இன்றைக்கும் உங்களிடம் இருக்கிறது. பழுதுதான் இடம் மாறிவிட்டது; கண்ணால் பார்க்க முடியாத எண்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகவே தேடும் வழியையும் மாற்ற வேண்டும் என்கிறேன்.

பிக்சல் பல்பு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன ஐசி இருக்கிறது. எல்லாப் பல்புக்கும் உரிய எண்களைக் கண்ட்ரோலர் ஒரே டேட்டா வயரில் வரிசையாக அனுப்புகிறது. பந்தியில் வாளி வருவதுபோல, முதல் பல்பு தனக்குரிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளுகிறது. சிவப்புக்கு 8, பச்சைக்கு 8, நீலத்துக்கு 8. நடுவில் ஒன்று வாளியை நிறுத்திவிட்டால் அதற்கு அப்பால் இருக்கும் எதற்கும் ஒன்றும் போய்ச் சேராது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துவிடலாம்.

வரிசை பாதியில் நிற்கிறதா? பல்பைக் கழற்றும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள். செல்போனில் இயக்கும் டபிள்யூ.எல்.இ.டி. மென்பொருள் போட்ட சின்ன போர்டுகளை இப்போது நிறையப் பேர் வாங்குகிறீர்கள். அதில் நீங்கள் மாற்றாதவரை பல்பு எண்ணிக்கை 30 என்றுதான் இருக்கும். 50 பல்புச் சரத்தில் 30 மட்டும் எரிந்து 20 இருட்டாக இருந்தால், சரத்தை வெட்டி ஒட்டுவதில் என்ன பயன்? முதலில் எண்ணுங்கள். 30, 50, 100 என்று முழு எண்ணில் நின்றால் செட்டிங்கில் தேடுங்கள். 37, 61 என்று ஒழுங்கில்லாத இடத்தில் நின்றால் அணைந்த முதல் பல்பையும் அதற்கு முந்தி எரியும் கடைசிப் பல்பையும் சந்தேகப்படுங்கள். அந்த இரண்டைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம்.

எல்லாம் எரிகிறது, ஆனால் மங்கலாக எரிகிறதா? அதே மென்பொருளில் மொத்த மின்னோட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பல பதிப்புகளில் அது 850 மில்லி ஆம்பியர் என்று வைத்தே வருகிறது. 50 பல்புச் சரம் முழு வெள்ளையில் எரிந்தால் ஒரு பல்புக்கு ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் வீதம் 3 ஆம்பியர் கேட்கும். நீங்கள் பத்துச் சரம் மாட்டிவிட்டு வரம்பை அப்படியே விட்டால் போர்டு என்ன செய்யும்? சொன்ன சொல்லைக் காப்பாற்ற எல்லாவற்றையும் மங்கச் செய்கிறது. "பவர் சப்ளை வீக்" என்று நீங்கள் எஸ்.எம்.பி.எஸ். மாற்றுகிறீர்கள். அதே சமயம், அந்த வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். 5 வோல்ட் 60 ஆம்பியர் சப்ளையில் இப்படிப்பட்ட சரம் இருபது மாட்டி முழு வெள்ளை கொடுத்தால் அதன் கடைசி மூச்சுவரை இழுக்கிறீர்கள். கணக்குப் போட்டு, சப்ளை தாங்குவதற்குக் கொஞ்சம் கீழே வரம்பை வையுங்கள்.

நிறம் மாறுவது இன்னொன்று. அம்மன் நெற்றிக் குங்குமம் பச்சையாக எரிகிறது என்று ஊரே கூடிச் சத்தம் போடும்போது உங்களுக்குக் கை நடுங்குவதை நான் அறிவேன். அது சாமி குற்றமும் இல்லை, போர்டு குற்றமும் இல்லை. சில பல்பு சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்களை வாங்கிக்கொள்ளும். சில பச்சை, சிவப்பு, நீலம் என்று வாங்கும். டபிள்யூ.எஸ்.2812 பெரும்பாலும் இரண்டாவது வகை. நிற வரிசையை மாற்றினால் ஒரு நிமிடத்தில் குங்குமம் சிவக்கும். ஆனால் ஒரே வளைவில் இரண்டு கடையில் வாங்கிய சரங்களைக் கலந்து கட்டியிருந்தால், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். அதனால்தான் சொல்கிறேன், புதுச் சரம் வாங்கும்போதே ஒரு பல்பைச் சிவப்பாக்கிப் பார்த்து, சரத்தின் முனையில் நிற வரிசையை எழுதிக் கட்டிவிடுங்கள்.

ஐசி பெயர் தவறினால் குழப்பம் இன்னும் பெரிது. டபிள்யூ.எஸ்.2811, யு.சி.எஸ்.1903 என்று ஃபைல் ஏற்றும்போது ஒரு பட்டியல் வருகிறதே, அதில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். ஒவ்வொரு ஐசிக்கும் ஒரு வேகம் உண்டு, பிட்டின் நீளம் உண்டு. ஒத்துப்போகாவிட்டால் விளக்குகள் தாறுமாறாக மின்னும், அல்லது மௌனமாக இருக்கும். அதே மின்னல் கிரவுண்ட் சேராவிட்டாலும் வரும். கண்ட்ரோலருக்கு ஒரு சப்ளை, சரத்துக்கு வேறு சப்ளை என்று வைத்து, இரண்டின் மைனஸையும் இணைக்க மறந்தால் டேட்டாவுக்கு நிற்கத் தரையே இல்லை. இது செட்டிங் கோளாறு இல்லை என்றாலும், செட்டிங்கை மாற்றி மாற்றி நீங்கள் இரவைத் தொலைப்பது இதனால்தான். மைனஸை முதலில் பாருங்கள். பிறகு ஐசி பெயரைப் பாருங்கள்.

கடையில் ஓடியது, கோயிலில் ஓடவில்லை என்ற புகாரும் அடிக்கடி வருகிறது. செல்போனில் இயக்கும் சின்ன போர்டுகளில் பலவற்றின் டேட்டா 3.3 வோல்ட்தான். 5 வோல்ட்டில் எரியும் பல்பு தன் வோல்ட்டில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 3.5, வந்தால்தான் அதை முழு மனதோடு ஏற்கும். மேசைமேல் அரை முழ வயரில் எப்படியோ ஓடிவிடும். போர்டுக்கும் முதல் பல்புக்கும் நடுவே பத்து மீட்டர் வயர் இழுத்ததும் தள்ளாடும். நடுவில் 74 எச்.சி.டி. 245 போன்ற ஒரு ஐசியை வைத்து 5 வோல்ட்டாக உயர்த்துங்கள். கடைசிப் பல்புகள் வெள்ளைக்குப் பதில் மஞ்சளாகி, பிறகு சிவந்துபோனால் அதற்கும் போர்டைத் திட்டாதீர்கள். வயரில் வோல்ட் இறங்கிவிட்டது. நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட் வேண்டும் என்பதால் அவை முதலில் மங்குகின்றன. முனையிலிருந்தும் ஒரு பவர் வயர் கொடுத்தால் தீர்ந்தது.

ஓட்டம் தத்தித் தத்தி வருகிறது என்று வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒரு சொல். 800 கிலோபிட் வேகத்தில் ஒரு பல்புக்கு 30 மைக்ரோ வினாடி ஆகும். ஒரே அவுட்புட்டில் 1,000 பல்பு மாட்டினால் ஒரு படம் போய்ச் சேர 30 மில்லி வினாடி; வினாடிக்கு 33 படம். 2,000 மாட்டினால் 16 படம். செட்டிங்கில் என்ன எண் போட்டாலும் இதை மீற முடியாது. சரத்தைப் பிரித்து இன்னொரு அவுட்புட்டில் மாட்டுங்கள்.

பல அவுட்புட் உள்ள போர்டுகளில்தான் உங்கள் உழைப்பு அதிகம் வீணாகிறது. எட்டு வாய் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்தபோது முதல் வாய் இடது தூண் என்று நினைத்தீர்கள். வயர் மாட்டிய தம்பி வலது தூணை முதல் வாயில் சொருகினான். மயிலின் தோகை ஒரு பக்கமும் தலை இன்னொரு பக்கமும் எரிகிறது. இந்த இடத்தில் வேறொரு கூட்டத்தாரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பின்பால் என்ற பந்து விளையாட்டு எந்திரத்தை வீட்டிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மைப் பந்துக்குப் பதிலாக ஒரு டிவியைப் படுக்கவைத்து அதில் பந்தை ஓடவிடுகிறார்கள். ஆனால் பந்து மோதும்போது தட்டும் சோலனாய்டும், மின்னும் விளக்கும், சுழலும் மோட்டாரும் நிஜமானவை. அவற்றை இயக்க ஒரு கண்ட்ரோலர் போர்டு. லெட்விஸ் என்ற போர்டில் 32 அவுட்புட். மைக்கேல் ராபர்ட்ஸ் என்பவர் பின்ஸ்கேப் என்ற மென்பொருளை எழுதி, செய்முறையோடு எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்திருக்கிறார்.

அவர்களுக்கும் உங்கள் தொல்லைதான். விளையாட்டு ஏழாம் வாயைக் கூப்பிடும். அங்கே விளக்குக்குப் பதில் மோட்டார் மாட்டியிருக்கும். சோலனாய்டு இழுத்தபடியே நின்றுவிட்டால் சுருள் கருகிப்போகும். ஆகவே ஒவ்வொரு வாய்க்கும் எண், என்ன சாமான், எந்த வகை, எவ்வளவு நேரம் முழு பவர் என்று அட்டவணை போட்டுவைக்கிறார்கள். பின்ஸ்கேப்பில் விளையாட்டைத் திறக்காமலே வாய் வாயாக எரித்துப் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே எரிந்தால் போர்டும் வயரும் சரி, கோளாறு விளையாட்டின் பக்கம். அங்கேயே எரியாவிட்டால் வயரின் பக்கம். ஒரே சோதனையில் பிரச்சினை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. பொழுதுபோக்குக்காகச் செய்கிறவர்கள் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது, இதையே நம்பி அடுப்பு எரிகிற நாம் இருக்கக் கூடாதா?

நான் ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன் என்றால், தப்பாகக் கணித்த பழுது ஒரு பிள்ளையை ஏணியில் ஏற்றுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு, ஆடி மழையில் நனைந்த சவுக்குக் கட்டை வளைவில், தலைக்குமேல் மின்வாரியக் கம்பி ஓடும் இடத்தில், ஐடிஐ முடித்த பத்தொன்பது வயதுப் பையன் ஏறிப் பல்பைத் திருகிக்கொண்டிருக்கிறான். கோளாறோ கீழே பெட்டிக்குள் ஒரு எண்ணில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயரமும் கம்பியும் ஈரமும் சேரும் இடத்துக்குக் காரணமில்லாமல் ஒருவனை அனுப்பாதீர்கள். கீழே நின்று பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ஏணி. அதுவும் மெயின் ஆஃப் செய்த பிறகுதான்.

ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்கு மலையேறிப் போகிறவர்களிடம் தனியாக ஒன்று. பிரகாசம் என்ற செட்டிங்கைப் பாதியாகக் குறைத்தால் மின்னோட்டமும் ஏறத்தாழப் பாதியாகும்; மலை இருட்டில் பார்க்கிறவர்களுக்கு அழகு ஒன்றும் குறையாது. ஜவ்வாது மலையின் இன்னொரு பக்கம் காவலூரில் 2.3 மீட்டர் ஆடி வைத்த தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இருட்டை நம்பித்தான் அதை அங்கே வைத்தார்கள். விளக்கை மேல்நோக்கி அடிக்காமல் கட்டுங்கள்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். இவ்வளவு பழுதுக்கும் வேர் அறியாமை என்று நான் நம்பவில்லை. மறைத்துவைப்பதுதான் வேர். செட்டிங்கைச் சொல்லிக்கொடுத்தால் பையன் நாளைக்கே தனியாகப் போர்டு மாட்டித் தொழில் தொடங்கிவிடுவான் என்ற பயம் முதலாளிகளிடம் இருக்கிறது. ஐசியின் மேல் இருக்கும் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். விளைவு என்ன? செட்டிங் தெரிந்த ஒருவர் கல்யாணத்துக்கு வேலூர் போன அன்று கேளூரில் திரௌபதி அம்மன் அக்கினி வசந்த விழாவில் வளைவு இருட்டாக நிற்கிறது. கூத்துக்காரர்கள் வேஷம் கட்டிக் காத்திருக்கிறார்கள். நிற்கிற பையனுக்குக் கார்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பழி மட்டும் அவன்மேல் விழுகிறது.

அண்ணன்மார்களே, உங்கள் தொழிலின் சொத்து எது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் வரைந்த அம்மன் உருவம், தோகை விரியும் வேகம், எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்ற உங்கள் கண், இவைதான் சொத்து. அந்த ஃபைலைப் பூட்டிவையுங்கள், நியாயம். ஐசி பெயரும் பல்பு எண்ணிக்கையும் நிற வரிசையும் எவர் சொத்தும் இல்லை. அவை பெட்டியோடு இருக்க வேண்டிய விவரங்கள். அவற்றை மறைப்பதால் ஒரு போட்டியாளரும் குறையவில்லை. உங்கள் சொந்த இரவுகள்தான் குறைகின்றன.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு.

ஒன்று, ஒரு சோதனைக் கார்டு. அதில் உருவம் எதுவும் வேண்டாம். எல்லாம் சிவப்பு, எல்லாம் பச்சை, எல்லாம் நீலம், பிறகு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி முதல் பல்பிலிருந்து கடைசிவரை மெதுவாக ஓட வேண்டும். உங்கள் கையிருப்பில் எத்தனை ஐசி வகை உண்டோ அத்தனைக்கும் தனித்தனிக் கார்டு. ஏற்றும் முன் கார்டை எஃப்.ஏ.டி. முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். வளைவைத் தூக்கி நிறுத்துவதற்கு முன்பு, தரையில் கிடக்கும்போதே, ஒவ்வொரு வாயிலும் இந்தக் கார்டை ஓட்டிப் பாருங்கள். நிறம் சரியா, புள்ளி கடைசிவரை போகிறதா, இடது தூண் இடது வாயில்தான் இருக்கிறதா என்பதெல்லாம் கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். விழாக் குழுவிடம் ஒரு மாலை முன்னதாகவே இடம் கேளுங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, மூடிக்குள் ஒரு தாள். கண்ட்ரோலர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். ஐசி பெயர், நிற வரிசை, சரத்தின் வோல்ட், ஒவ்வொரு வாயிலும் எத்தனை பல்பு, அந்த வாய் வளைவின் எந்தப் பகுதிக்குப் போகிறது, மின்னோட்ட வரம்பு, எந்தத் தேதியில் யார் மாற்றினார்கள். தமிழிலேயே எழுதுங்கள், மழை படாமல் மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, பார்த்து, பயனில்லை என்றால் பழைய எண்ணுக்கே திரும்பி, அதையும் குறியுங்கள். நாலைந்தை ஒரேயடியாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

தம்பிகளே, முதலாளி எழுதாவிட்டால் நீங்கள் கேட்டு எழுதுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஏணியில் ஏறுகிறவன் நீ. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு உண்டு.

பங்குனி உத்திரம் முடிந்து அக்கினி வசந்தம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வாருங்கள். கூலி வேண்டாம். மீட்டரும் சோதனைக் கார்டும் நான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உங்கள் முன்னாலேயே வாய் வாயாக ஓட்டி, தாளை எழுதி ஒட்டிக்கொடுக்கிறேன். ஏணி தூக்கும் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள்.